மூன்று சட்டிக் கலப்பை: மாசியில் வாங்கியது, சித்திரையில் உழுதது

வன்னிக்கோனேந்தல் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. உளுந்து, பாசி, இடையிடையே மக்காச்சோளம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒன்பது கொத்துக் கலப்பையும் (கல்டிவேட்டர்), சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. போன கார்த்திகையில் நல்ல மழை பெய்தும் ஒரு வாரம் வெயில் அடித்ததும் உளுந்து வாடிப் போனது. அத்தனை தண்ணீரும் எங்கே போனது என்று தெரியாமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பயிருக்கு நடுவிலேயே ஒரு குழி தோண்டினேன்.

மேலே ஐந்து அங்குலம் பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே கடப்பாரை 'ணங்'கென்று நின்றது. பலகை போட்டு அடித்த மாதிரி ஒரு தட்டு. வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் நேராக இறங்கி, அந்தத் தட்டில் முட்டி, மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. ரோட்டவேட்டர் கத்தி ஒவ்வொரு வருடமும் அதே ஆழத்தில் அடிக்கிறது. டிராக்டர் டயர் மேலே நின்று அமுக்குகிறது. பத்து வருடத்தில் மண்ணுக்குள் ஒரு தளமே போட்டுவிட்டோம். மழைத் தண்ணீர் அதற்குக் கீழே இறங்க வழியில்லாமல் ஓடைக்குப் போய்விடுகிறது.

கிழக்கே ஒன்றரை ஏக்கர் தரிசாகக் கிடந்தது. அதில் சீமை உடை (சீமைக் கருவேலம்) முளைத்து, வெட்டி, மறுபடி முளைத்து, வேர் எங்கும் ஓடிக் கிடக்கிறது. கொத்துக் கலப்பையை விட்டால் வேரில் மாட்டி இழுக்கும், ஸ்பிரிங் தெறிக்கும். சட்டிக் கலப்பையில் (டிஸ்க் கலப்பை) கொத்துக்குப் பதில் சட்டி போலக் குழிந்த வட்ட இரும்புத் தகடுகள் இருக்கும். சட்டிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அது சுற்றிக்கொண்டே போவதால் வெட்ட முடிந்த வேரை வெட்டும், முடியாததன் மேல் ஏறி இறங்கிவிடும். தட்டையும் உடைக்க வேண்டும், தரிசையும் திருத்த வேண்டும். சட்டிக் கலப்பைதான் என்று முடிவு செய்தேன். புதியது விசாரித்தேன். சொன்ன விலைக்கு நான் இரண்டு வருட உளுந்தை விற்க வேண்டும். அதனால் பழையது தேடக் கிளம்பினேன்.

முதலில் பார்த்தது ஒரு தரகர் காட்டிய கலப்பை. சிவப்பும் நீலமுமாகப் புது பெயிண்ட் மினுங்கியது. சட்டியைத் தாங்கும் கால், கலப்பையின் முதுகெலும்பான பீமோடு சேரும் இடத்தில் நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் உரிந்து உள்ளே பட்டி வந்தது. கார் டிங்கரிங்குக்குப் போடும் அதே பட்டி. அதைக் குத்தி எடுத்தால் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பேசாமல் வந்துவிட்டேன். பழைய கலப்பை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துருப்பிடித்ததை நம்பி வாங்கலாம், புதிதாகப் பெயிண்ட் அடித்ததை நம்பி வாங்கக் கூடாது. துரு பட்டி மாதிரி மறைக்காது.

இரண்டாவது, மானூர் தாண்டி ஒரு ஊரில் வேப்பமரத்தடியில் கிடந்தது. மூன்று சட்டி. கோழி அடைந்து எச்சமும் இலைச்சருகுமாக மூடியிருந்தது. வீட்டுக்காரர் பெரியவர்.

"மூணு வருசமா இந்த வேம்படியிலதான் கெடக்கு தம்பி. வண்டியக் குடுத்த பெறவு இத யாரு கேக்கா. நல்லாப் பாத்துக்கிட்டு எடும்" என்றார்.

பார்த்தேன். முதல் வேலையாகச் சட்டிகளைக் கையால் சுற்றினேன். முன் சட்டி கரகரவென்று சுற்றியது. நடுச் சட்டி இம்மியும் அசையவில்லை. பின் சட்டி சுற்றியது, ஆனால் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடக் கடக்கென்று ஒரு விரல்கடை ஆடியது. சட்டிக் கலப்பையில் மற்றதெல்லாம் இரும்பு, வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் ஒட்டலாம், இல்லையென்றால் மாற்றலாம். உயிர் இருப்பது அந்தச் சுற்றில். சுற்றாத சட்டி மண்ணை வெட்டாது, தள்ளிக்கொண்டே போகும். டீசல் குடிக்கும், சட்டியின் ஒரே பக்கம் தேய்ந்து பிறையாகும். நடுச் சட்டியின் கீழ் விளிம்பு அப்படித்தான் தேய்ந்திருந்தது. சுற்றாமலேயே அதைக் கொஞ்ச காலம் உழுதிருக்கிறார்கள்.

அப்புறம் அளந்தேன். புதுச் சட்டி குறுக்களவு 26 அங்குலம். முன் சட்டி 23½, பின் சட்டி 23, நடுச் சட்டி ஒரு பக்கம் 22. குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குதான் சட்டி இறங்கும் ஆழம் என்று கணக்கு. 26 என்றால் எட்டு, ஒன்பது அங்குலம் வரை போகலாம். 22 என்றால் ஏழோடு சரி. என் தட்டு ஐந்தில் தொடங்கி எட்டு வரை இருக்கிறது. ஆகவே மூன்று சட்டியும் மாற்ற வேண்டும் என்று அங்கேயே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பீம் கனமான குழாய். வயர் பிரஷ் கொண்டுபோயிருந்தேன். கால்கள் சேரும் மூன்று இடத்தையும் தேய்த்துப் பார்த்தேன். நடுக் காலில், பழைய வெல்டிங்கின் ஓரத்தில், மயிரிழை மாதிரி ஒரு கீறல். பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்கே தெரியாது, அதுக்கு ஆயிரத்தக் கொறச்சிக்கிடும்" என்றார். 17,000 சொல்லிக்கொண்டிருந்தது 16,000 ஆனது. லோடு ஆட்டோவில் ஏற்ற நான்கு பேர் பற்றவில்லை. பக்கத்தில் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தவர்களும் வந்து கை கொடுத்தார்கள். வண்டி வாடகை 1,200.

வீட்டில் இறக்கியதும் பனங்கட்டை வைத்து நிறுத்தி, போல்ட் எல்லாவற்றிலும் டீசல் ஊற்றி விட்டுவிட்டேன். இரண்டு நாள், காலையும் மாலையும். அவசரப்பட்டு உடனே ஸ்பேனர் போட்டால் போல்ட் தலை உருண்டுவிடும். மூன்றாம் நாள் ஸ்பேனரில் நாலடிக் குழாய் சொருகி இழுத்ததில் பாதிக்கு மேல் கழன்றது. மீதியை கேஸ் வைத்துச் சூடு காட்டித்தான் எடுத்தோம். சட்டியை, அது சுற்றும் குடமான ஹப்போடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தலை பதிந்த போல்ட்டுகள், பிடிக்க இடம் கிடையாது. அவற்றின் நட்டை கிரைண்டரால் அறுத்துவிட்டுச் சம்மட்டியால் தட்டினேன். அவை எப்படியும் புதியதாகப் போட வேண்டியவைதான்.

நடுச் சட்டியின் ஹப்பைத் திறந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மூடியைக் கழற்றினேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கரிசல் மண். கிரீஸும் மண்ணும் கலந்து, காய்ந்து, தார் மாதிரி இறுகியிருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின் துருப்பிடித்துத் துண்டாக வந்தது. நட்டைக் கழற்றி ஹப்பை இழுத்தால் வரவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி மரச் சுத்தியால் தட்டி, அரை மணி நேரத்தில் விட்டது. ஹப் ஒன்றுக்கு, கூம்பு வாக்கில் உருளை வைத்த டேப்பர் பேரிங் இரண்டு, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள் பேரிங்கில் உருளைகள் பாதிக்கு மேல் காணோம். இருந்தவையும் ஒருபக்கம் தட்டையாகி, உள் வளையமான கோனோடு ஒட்டிப் போயிருந்தன. காரணம் அதற்கும் பின்னால் இருந்தது: மண் ஏறாமல் தடுக்கும் ஆயில் சீல். ரப்பர் உதடு முழுக்கத் தேய்ந்து வெறும் தகட்டு வளையம்தான் மிச்சம். பத்து ரூபாய்க்கு கிரீஸ் அடித்திருந்தாலும் அந்த வழியாக மண் ஏறியிருக்கும். மண் முதலில் தின்றது சீலை, அப்புறம் பேரிங்கை, கடைசியில் சட்டியை.

மற்ற இரண்டு ஹப்பிலும் பேரிங் அவ்வளவு மோசமில்லை. முன் சட்டியின் கோனைக் கழுவித் துடைத்துப் பார்த்தால் மினுமினுப்பாகவே இருந்தது. ஆனால் வெளி வளையமான கப்பின் உள்ளே விரல் நகத்தை ஓட்டினால் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. ஒரே இடத்தில் வருடக்கணக்காக நின்றதால் உருளை பதிந்த தடம். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். ஆறையும் மாற்றினேன். கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டுவைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். பழைய பள்ளம் புதுக் கோனையும் சீக்கிரம் கெடுத்துவிடும். பேரிங் எண் பாதி அழிந்திருந்ததால் கோனையும் கப்பையும் பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய், கடையில் அளவு வைத்துப் பார்த்து வாங்கினேன். ஆறு பேரிங்கும் சீல்களும் 3,900 ஆனது.

இனி வெல்டிங். பழைய சட்டியை ஒட்டிப் போடலாமே என்று சின்ன மாமா சொன்னார். எங்களுக்கு அதில் முன் அனுபவம் உண்டு. சில வருடம் முன்பு ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த கலப்பையில் விரிசல் விட்ட சட்டியைப் பட்டறையில் ஒட்டி ஓட்டினோம். ஒட்டு அப்படியே நின்றது, ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி, முதல் நாளே, புதிதாக உடைந்தது. சட்டி பதம் ஏற்றிய எஃகு. வெல்டிங் சூடு பட்ட ஓரம் கண்ணாடி மாதிரி முறுகிவிடும். அதனால் சட்டியில் வெல்டிங் ராடு படவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 26 அங்குலத்தில் புதுச் சட்டி மூன்று, ஒன்று 2,600 வீதம் 7,800.

பீம் அப்படியில்லை, அது ஒட்டுத் தாங்கும் இரும்பு. ஆனால் கீறலின் மேல் அப்படியே ராடை ஓட்டினால் மேலே மூடிக்கொண்டு உள்ளே கீறல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆலங்குளத்தில் ஒரு பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பட்டறைக்கார அண்ணாச்சி பெயிண்ட், துரு எல்லாம் போக கிரைண்டர் போட்டார். கீறல் எதுவரை போகிறது என்று பார்க்க மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பைப் பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு கசிந்து வந்தது. நான் பார்த்தது இரண்டு அங்குலம், கோடு காட்டியது மூன்றே கால். இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு கீறல் மேலே ஓடாமல் நிறுத்தினார். அப்புறம் கீறலையே வாய்க்கால் மாதிரி 'வி' வடிவத்தில் தோண்டி எடுத்து, சூடு காட்டிய 7018 வெல்டிங் ராடால் அடியிலிருந்து மூன்று வரிசை நிரப்பினார். மேலே ஒரு பட்டை போடலாமா என்று கேட்டேன்.

"பட்டையக் குறுக்கப் போட்டா அந்த ஓரத்துல மறுபடி கீறும். நெடுக்கப் போடுதேன், ரெண்டு நுனியையும் கூராக்கி" என்றார்.

அப்படியே செய்தார். அதே பட்டறையில் லேத்தும் உண்டு. டிராக்டரின் கீழ்க் கைகள் மாட்டும் பின் இரண்டும் 28 மில்லி இருக்க வேண்டியவை, 25க்குத் தேய்ந்திருந்தன. புதிதாகக் கடைந்து கொடுத்தார். எல்லாம் சேர்த்து 3,200. வேலைக்கு அது குறைந்த கூலி.

திரும்பி வந்து ஹப்பைப் பூட்டியபோது ஒரு தவறு செய்தேன். கப்பைச் சமமாக இறக்கியது, உருளைக்கு நடுவில் கிரீஸைக் கையால் அழுத்தி ஏற்றியது, சீலை மரக்கட்டை வைத்துத் தட்டியது வரை எல்லாம் ஒழுங்கு. நட்டை மட்டும் நன்றாக இறுக்கிவிட்டேன். ஆட்டம் இருக்கவே கூடாது என்ற எண்ணம். கையால் சுற்றினால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, ஓடினால் இளகிவிடும் என்று நினைத்தேன். தோட்டத்தில் சும்மா ஒரு சால் இழுத்துப் பார்த்துவிட்டு ஹப்பைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. உடனே நிறுத்திக் கழற்றினேன். நல்ல வேளையாகப் பேரிங் நிறம் மாறவில்லை. டேப்பர் பேரிங்கை இறுக்குவது இப்படித்தான்: சட்டியைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும், சுற்றுவது கனக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும், அங்கிருந்து, நட்டில் பின் போட இருக்கும் வெட்டுகளில் ஒரு வெட்டு அளவுக்குத் திருப்பித் தளர்த்தி ஸ்பிலிட் பின் போட வேண்டும். விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது, ஒரு கையால் தள்ளினால் தயங்காமல் சுற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் இடம் ஒன்று இருக்கிறது. கைக்கு அது பழகிவிடும்.

சட்டியின் சாய்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாட்டுவார்கள், ஓட்டுவார்கள், இறங்கவில்லை என்றால் மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். மண்ணைப் புரட்டும் இறக்கைக் கலப்பையின் மூக்கு மண்ணை உறிஞ்சிக்கொண்டு தானாக இறங்கும். சட்டிக்கு அந்தக் குணம் இல்லை. தன் கனத்தாலும், நிற்கும் கோணத்தாலும் மட்டும்தான் இறங்கும். இதில் இரண்டு கோணம் உண்டு. ஒன்று, போகும் திசைக்குச் சட்டி எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பது. அது 42 முதல் 45 பாகை. இன்னொன்று, நெட்டுக்குத்தாக நிற்காமல் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது. அது 15 முதல் 25 பாகை வரை வைக்கலாம். சாய்வு குறைந்து நெட்டுக்குத்தாக நின்றால் கெட்டி மண்ணில் நன்றாக இறங்கும். சாய்வு கூடினால் ஒட்டுகிற மண்ணைப் புரட்டித் தள்ள வசதி, ஆனால் இறங்காது.

மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியையும், கொத்தனார் வீட்டிலிருந்து தூக்குக் குண்டையும் வாங்கிக்கொண்டேன். கலப்பையைச் சமதளத்தில் நிறுத்தி, சட்டியின் வாயில் மேலிருந்து கீழாக ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, நுனியில் குண்டைத் தொங்கவிட்டு அளந்தேன். மூன்று சட்டியும் ஒன்றுக்கொன்று வேறு. முன்னது 25, நடுவது 18, பின்னது 24. காலின் போல்ட் துளையை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். சேற்று நிலத்துக்கு வைத்ததைத் திருப்பி வைக்காமல் விட்டதும் காரணமாக இருக்கலாம். மூன்றையும் 18க்குக் கொண்டுவந்தேன். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. இந்தக் கலப்பைக்குச் செய்த வேலைகளில் காசு செலவாகாத வேலை இது ஒன்றுதான், வயலில் அதிகம் தெரிந்ததும் இதுதான்.

மண்ணை வழிக்கும் தகடுகள் மூன்றும் சட்டியைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் நிற்கும்படி வளைத்து முடுக்கினேன். பெயிண்ட் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, மேலே பச்சை ஒரு பூச்சு. சட்டிக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. போல்ட், கிரீஸ், பெயிண்ட் எல்லாம் 1,900. ஆக மொத்தம் 34,000.

சித்திரை இரண்டாம் வாரம் இரவில் இடியோடு ஒரு மழை. மூன்றாம் நாள் காலையில் நான்கு அங்குல ஆழத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டினேன். உருண்டை பிடித்தது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டதும் உதிர்ந்தது. இதுதான் பதம். கரிசல் அதற்கு முன்னால் சட்டியில் அப்பும், இரண்டு நாள் கழித்து என்றால் பாறையாகிவிடும்.

எங்கள் டிராக்டர் 47 எச்.பி. முன்னால் எடைக்கட்டிகளை மாட்டினேன். இந்தக் கலப்பையைத் தூக்கும்போது முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேசாது. முதல் சால் கோணலாகத்தான் போனது. இரண்டாவது சாலிலிருந்து வலது சக்கரத்தைச் சாலுக்குள் இறக்கியதும் நேரானது. ஆனால் முன் சட்டி ஆழமாகவும் பின் சட்டி மேலாகவும் ஓடியது. கலப்பையின் மேல்முனையை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க்கை இரண்டு சுற்று நீட்டியதும் பின்பக்கம் இறங்கி மூன்றும் சமமானது. சின்ன மாமா சாலுக்குள் இறங்கி ஸ்கேலை வைத்து அளந்தார். எட்டரை அங்குலம். புரண்டு கிடந்த பாளங்களின் அடிப்பக்கம் வழவழவென்று, சாம்பல் நிறத்தில், பலகை பலகையாகத் தெரிந்தது. கார்த்திகையில் கடப்பாரை முட்டிய அதே தட்டு, வெயிலில் கிடக்கிறது. சின்ன மாமா ஒரு பாளத்தைக் கையில் எடுத்து இரண்டாக உடைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு வேர் கூட இல்லை.

வரப்போரம் கலப்பையின் வால் உழாத பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனது. சட்டிகள் மண்ணை வலப்பக்கம் தள்ளும்போது மண் கலப்பையை இடப்பக்கம் தள்ளுகிறது. அதைத் தாங்கத்தான் பின்னால் சால் சக்கரம் இருக்கிறது. அதை நான் கழுவி கிரீஸ் அடித்ததோடு விட்டிருந்தேன், பிரித்துப் பார்க்கவில்லை. மதியம் நிறுத்திச் சக்கரத்தின் சாய்வைக் கூட்டி வைத்தேன், ஓரளவு கட்டுப்பட்டது.

நான்கரை ஏக்கர் இரண்டு நாளில் முடிந்தது. தரிசு ஒன்றரை ஏக்கருக்கு மூன்றாம் நாள். சீமை உடையின் கட்டைவிரல் கன வேரெல்லாம் அறுந்தது, மணிக்கட்டு கனத்தில் இருந்தவற்றின் மேல் சட்டி ஏறி இறங்கியது. அவற்றைப் பின்னாலேயே போய்க் கோடரியால் வெட்டினோம். கலப்பையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு அடியில் கை விடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஹைட்ராலிக்கை நம்பி அப்படிச் செய்யவே கூடாது. வேர் சிக்கினால் கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, அப்புறம்தான் எடுத்தோம்.

செவலுக்கு (செம்மண்) இதை அப்படியே சொல்ல மாட்டேன். எங்கள் மச்சானுக்கு ஆலங்குளம் பக்கம் செவல், ஒரு முழத்துக்குள் சரளை வந்துவிடும். அங்கே சட்டியை ஆழமாக விட்டால் சரளைதான் மேலே வரும். கரிசலிலும் வருடா வருடம் ஓட்டப் போவதில்லை, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும். பாளம் நாலு மாதம் வெயிலில் வெடித்துக் கிடக்கட்டும், ஆவணியில் கொத்துக் கலப்பை ஒரு ஓட்டு, புரட்டாசிக் கடைசியில் விதைப்பு.

ஆறு ஏக்கர் முடித்த மறுநாள் மூன்று ஹப்பையும் தொட்டும் ஆட்டியும் பார்த்தேன். முன்னதும் பின்னதும் சரி. நடுவதில் லேசாக ஆட்டம், புது பேரிங் பதிந்ததால் வருவது. நட்டை ஒரு வெட்டு முடுக்கிப் புதுப் பின் போட்டேன். வெல்டிங் ஓரங்களைத் துடைத்துப் பார்த்தேன், கீறல் இல்லை. சட்டிகளைக் கழுவிக் காயவைத்து வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவி, பலகையின் மேல் நிறுத்தி, கொட்டகைக்குள் தள்ளியாயிற்று. சால் சக்கரத்தைப் பிரித்தேன். அதிலும் சீல் போய், மண் ஏறி, பேரிங் பாதி தின்றிருக்கிறது. அந்த அளவு சீல் திருநெல்வேலியில் கிடைக்கவில்லை. கோவையிலிருந்து வரவழைத்துத் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.